காடைக்கு எண்ணெய் ஊத்தின கதை

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. பரீட்சை, பனி, சமையல்னு வழக்கமான காரணங்கள்தான். இன்னிக்குப் பதிவு காடை பத்தி. வறுவல் பத்தி இல்லை, அதோட தீனி பத்தி. (எஸ்கேப் ஆகுறவங்க இப்பவே ஆகிக்கலாம் :-))

நாமக்கல் பக்கம் மாமா ஒருத்தர் கறிக்காகக் காடை வளர்க்கிறார். நான் இங்கே கால்நடைத் தீவனம் பத்திப் படிக்கிறதால, "மாப்ள, சீக்கிரம் எடை ஏற என்ன பண்றது?"ன்னு போன்ல கேட்டார். நானும் பெரிய மேதாவி மாதிரி, "எரிசக்தியைக் கூட்டுங்க மாமா. நூறு கிலோ தீவனத்துக்கு அஞ்சு கிலோ சோயா எண்ணெய் சேருங்க"ன்னுட்டேன். அஞ்சு வாரம் கழிச்சு, "செலவுதான் கூடுச்சு, எடை முன்னைவிடக் கம்மி"ன்னார். திட்டவே இல்லை. அதான் உறுத்துது.

தப்பு எங்கேன்னு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994ல வெளியிட்ட அட்டவணைப்படி, வளர்ற ஜப்பானியக் காடைக்கு ஒரு கிலோ தீவனத்துல 2,900 கிலோகலோரி எரிசக்தியும் 24 சதவீதம் புரதமும் வேணும். மாமாவோட பழைய கலவை கிட்டத்தட்ட அதேதான். சோயா எண்ணெய்ல கிலோவுக்குச் சுமார் 8,800 கிலோகலோரி இருக்கு, புரதம் துளிகூடக் கிடையாது. அதைக் கலந்ததும் எரிசக்தி 3,180 பக்கம் ஏறுச்சு, புரதம் 23க்குக் கீழே இறங்குச்சு.

இங்கேதான் காடை என்னைவிடப் புத்திசாலி. தேவையான எரிசக்தி கிடைச்சதும் தீனியைக் குறைச்சுக்கும். முன்னே 100 கிராம் தின்ன இடத்துல இப்போ சுமார் 91 கிராமே போதும். முன்னே 24 கிராம் புரதம் உள்ளே போச்சு, இப்போ 21 கிராம்கூடப் போகலை. ஏழெட்டு கிராம் குஞ்சு அஞ்சே வாரத்துல 200 கிராம் பக்கம் வரணும்னா சதை போடணும், சதைக்குப் புரதம் வேணும். மிஞ்சுற எரிசக்தி கொழுப்பாத்தான் படியும்.

என் கருத்து இதுதான்: எரிசக்தியைத் தனியாப் பேசவே கூடாது. 2,900ஐ 24ஆல வகுத்தா, ஒரு சதவீதப் புரதத்துக்குச் சுமார் 120 கிலோகலோரி. பண்ணைக்காரர் மனசுல வெச்சுக்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான். எரிசக்தியை 3,180 ஆக்கினா புரதத்தையும் 26க்கு மேலே தூக்கணும். லைசின், மெத்தியோனினும் கூடவே ஏறணும். கட்டுப்படியாகலைன்னா 2,900லயே நிக்கிறது நல்லது. சல்லிசாக் கிடைக்குதுன்னு கறிக்கோழியோட கடைசிக்கட்டத் தீவனத்தைக் காடைக்குப் போடுறவங்களும் இதே குழியிலதான் விழுறாங்க. அதுல எரிசக்தி ஜாஸ்தி, புரதம் 20 சதவீதம் பக்கம்தான்.

மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டு எண்ணெயை நிறுத்தச் சொன்னேன். "முதல்ல அம்பது குஞ்சுக்குப் போட்டுப் பாருங்கன்னு சொல்லியிருக்கலாம்ல மாப்ள?"ன்னார். பதில் சொல்ல முடியலை.

உங்க வீட்டுப் பக்கம் காடை வளர்க்கிறவங்க இருந்தா, என்ன கலவை போடுறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. இந்தத் தடவை நான் கேட்டுக்கிறேன்.