மறுநாள் காலை

ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் 5 வரை ஒடிசா மாநிலத்துக் கோணார்க்கில் நாட்டிய விழா நடைபெறுகிறது. ஒளியூட்டப்பட்ட சூரியன் கோயில் பின்னணியில் நிற்க, திறந்தவெளி அரங்கில் ஒடிசி முதலிய நடனங்கள் ஆடப்பெறுகின்றன. அதே நாள்களில் சந்திரபாகா கடற்கரையில் மணற்சிற்ப விழாவும் உண்டு. புவனேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 65 கி.மீ. தொலைவே ஆதலால், அந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில மாலையில் சென்று இரவே திரும்பிவிடுகின்றன. விடுப்பை ஊர்ப்பயணத்திற்காகச் சேமிப்போர், அறை வாடகையை எண்ணித் தயங்குவோர் ஆகியோரின் நிலை நியாயமானதே. ஆயினும் அவ்வாறு திரும்புவோர் மேடையைக் கண்டவரேயன்றிக் கோயிலைக் கண்டவர் ஆகார்.

விளக்கொளி கோயிலின் குறையை மறைத்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் எழுப்பிய அக்கோயிலின் உயர்ந்த விமானம் இடிந்துபோயிற்று. இன்று ஓங்கி நிற்பது அதன் முன்மண்டபமே. அதுவும் சரிந்துவிடாதிருக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளே மணல் நிரப்பி மூடப்பட்டது. இவ்வுண்மை பகலில்தான் கண்ணில் படும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு குடும்பம் அங்கு ஓரிரவு தங்கியது. (கம்பளியை மறந்தவர் யார் என்னும் வழக்கு அவ்வீட்டில் இன்னும் தீரவில்லை.) விடியற்காலையில் கோயிலுக்குள் நுழைந்தபோது கூட்டமில்லை. பன்னிரண்டு வயது மகள் பத்து ரூபாய்த் தாளை விரித்து, அதிலுள்ள சக்கரத்தைத் தேடினாள். கோயிலைத் தேராக்கும் சக்கரங்கள் 24; இழுக்கும் குதிரைகள் 7. தெற்குப் பக்கத்துச் சக்கரமொன்றில் வழிகாட்டி அச்சின் முன் விரலை நீட்டி, ஆரங்களின்மேல் விழும் நிழலைக் கொண்டு நேரம் கணிக்கும் முறையைக் காட்டினார். அவள் வடக்குப் பக்கம் ஓடித் தானும் முயன்றாள், நிழலே விழவில்லை. குளிர்காலத்தில் கதிரவன் தென்திசை சாய்ந்து செல்வதை அறிவியல் நூலில் படித்திருந்தும், அப்போதுதான் அவளுக்கு அது விளங்கியது.

தந்தையோ கும்பகோணத்துக்காரர். "நம் தாராசுரத்தில் இதற்கு முன்பே கல்லில் தேர் செய்துவிட்டார்கள்" என்று முதல்நாள் மாலை முதலே சொல்லிவந்தார். அவர் கூற்று பிழையன்று. தாராசுரம் 12ஆம் நூற்றாண்டினது. ஆனால் அந்த "நம்" என்னும் சொல்தான் சிக்கலானது. ஒடிசாவில் பிறந்து, தோழியருடன் ஒடியா பேசி வளரும் மகளுக்குக் கோணார்க் எவ்வாறு பிறர் கோயிலாகும்? தமிழ் இலக்கிய வரலாற்றில் கலிங்கம் பெரும்பாலும் 'கலிங்கத்துப்பரணி' வழியே அறிமுகமாகிறது. அதாவது, தோற்ற நாடாக. அப்போரின்போது கலிங்கத்தை ஆண்ட அனந்தவர்மன் சோடகங்கன் சோழ இளவரசியின் மகன் என்பதையும், பூரிக் கோயிலைக் கட்டத் தொடங்கியவன் அவனே என்பதையும், கோணார்க்கைக் கட்டிய நரசிம்மன் அவன் வழித்தோன்றல் என்பதையும் வீட்டில் சொல்வார் அரியர். வென்றவர் பக்கமும் தோற்றவர் பக்கமும் அச்சிறுமிக்கு உறவுண்டு. அவளை ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்துவது பெற்றோர் அறியாமலே செய்யும் தவறு.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "அப்பா, தாராசுரத்துச் சக்கரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழும்?"

பலமுறை அக்கோயிலுக்குச் சென்றவர் அவர். சற்றுநேரம் பேசாதிருந்து, கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது காலையிலேயே சென்று பார்க்கலாம் என்றார்.