மலையில் போட்டது வைகையில் வரும்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு; நியாயமான உத்தரவும்கூட. ஆனால் அங்கே நெருக்கினால் கூட்டம் வீட்டிலேயே இருந்துவிடாது, வேறு மலை தேடும். தேனி மாவட்டத்து மேகமலை அப்படித் தேடினால் கிடைக்கிற மலை.

சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள், நடுவே அணைநீர், அப்பால் சோலைக்காடு. பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயர் தாங்கிய அரிய பழந்தின்னி வௌவால் 1948-இல், ஹைவேவிஸ் என்றும் சொல்லப்படும் இந்த மலையில்தான் பிடிபட்டது. வேறு இனம் என்று தவறாகக் குறிக்கப்பட்டு அலமாரியில் கிடந்து, 1972-இல்தான் அது புது இனம் என்று தெரிந்தது. காட்டில் என்னென்ன உண்டு என்று அறிய நமக்கு அத்தனை காலமாகிறது. பிளாஸ்டிக் பாட்டில் அங்கே போய்ச் சேர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

2021-இல் இந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. அதன்பின் “வனத்துறை பார்த்துக்கொள்ளும்” என்று சொல்வது எல்லோருக்கும் எளிதாகிவிட்டது. ஆனால் பாதை வெறும் காட்டுவழி அல்ல. காடு முடிந்தால் எஸ்டேட், எஸ்டேட்டுக்குள் தொழிலாளர் குடியிருப்பு, அதற்குப் பேரூராட்சி. ஒருவர் எல்லையில் விழும் பாட்டிலை அடுத்தவர் எல்லைக்கு மழை கொண்டுபோகிறது. யார் பொறுக்குவது?

இந்தக் கேள்வி மலையோடு நிற்பதில்லை. வைகை பிறப்பது இந்த வருசநாடு–மேகமலைத் தொடரில். மதுரைக்காரர் குழாயில் பிடிக்கிற தண்ணீருக்கும் இந்தச் சோலைக்கும் உறவு உண்டு. ராமநாதபுரத்துக் கண்மாய்க்கும் உண்டு. எனவே காரில் ஏறிப் போகிறவர் மட்டுமல்ல, ஒருநாளும் அங்கே போகாதவரும் இதில் பங்காளிதான்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சோதனைச்சாவடியில் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி, இறங்கும்போது காலிப் பாட்டிலைக் காட்டினால் திருப்பித் தரலாம். நீலகிரியில் 2022-இல் மதுப்பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பிக் கொடுத்த திட்டம் கண்முன் இருக்கிறது. சொந்த வாகனங்களைக் குறைத்து அரசுப் பேருந்தைக் கூட்டலாம். அது தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும். போகிறவர்கள் யானை வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் இருக்கலாம். இதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை.

கடினமானது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்ற வரம்பு. விடுதிக்காரர்களும் வாடகை ஜீப் ஓட்டுநர்களும் எதிர்ப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல முடியாது. அதனால்தான் அந்த எண்ணிக்கையைச் சென்னையில் உட்கார்ந்து எழுதி அனுப்பாமல், அவர்களையும் எஸ்டேட் தொழிலாளர்களையும் வைத்துக்கொண்டு சின்னமனூரிலேயே பேச வேண்டும்; அடுத்த கோடை விடுமுறைக் கூட்டம் ஏறுவதற்கு முன்பே.