ஆயிரம் ஏக்கர்... லாபம் 144 பவுண்ட்!

ஜெரமி கிளார்க்ஸனின் விவசாயத் தொடரை ஓ.டி.டி-யில் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கார்களைப் பற்றிப் பேசியே உலகப் புகழ் அடைந்த மனிதர் அவர். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தனக்கிருக்கும் ஆயிரம் ஏக்கரில் தானே உழுது பார்த்துவிடலாம் என்று 2019-ல் இறங்கினார். லம்போர்கினி டிராக்டர், சொன்ன பேச்சுக் கேட்காத ஆடுகள், நேராக உழத் தெரியாததற்கு ஊர்ப் பையனிடம் வாங்கும் திட்டு என்று சிரிக்கச் சிரிக்கப் போகும் முதல் சீசன், கடைசியில் ஒரு கணக்கில் வந்து நிற்கும். ஒரு வருடப் பாட்டுக்கு மிஞ்சிய லாபம் 144 பவுண்ட். இன்றைய மதிப்பில் சுமார் 17 ஆயிரம் ரூபாய்!

அவருக்கு டி.வி வருமானம் இருக்கிறது. சிரித்துவிட்டு அடுத்த சீசனுக்குப் போய்விட்டார். அதே மண்ணில், அதே மழையில், விளைச்சலை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் என்ன செய்வார்? பிரிட்டனில் சில வருடங்களாக நடக்கும் பெரிய விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அவர்கள் அதற்கு ‘உணவுப் பாதுகாப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ, விளைவிக்கிறவர் நாளைக்கும் விளைவிப்பாரா என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி என்று தோன்றுகிறது.

நாட்டின் உணவுத் தேவையோடு உள்நாட்டு உற்பத்தியை ஒப்பிட்டு பிரிட்டன் அரசு ஒரு கணக்குச் சொல்கிறது. 2023-ல் அது 62 சதவிகிதம். 1984-ல் 78 ஆக இருந்தது.

62 ஒன்றும் மோசமில்லையே என்பீர்கள். இந்தச் சராசரிதான் ஆளை ஏமாற்றும். கோதுமை, பார்லி, பால், முட்டை, ஆட்டிறைச்சி இவற்றிலெல்லாம் பெரிய குறை கிடையாது. காய்கறிக்கு வந்தால் பாதிக்குச் சற்று மேல். பழத்துக்கு வந்தால் ஆறில் ஒரு பங்குதான். டாக்டர் எதைத் தினமும் சாப்பிடச் சொல்கிறாரோ, அதற்குத்தான் கடல் தாண்டி வரும் லாரியை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் அந்த லாரிகள் போதுமான அளவு வரவில்லை. ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் குளிர் வாட்டியதால் விளைச்சல் படுத்துவிட்டது. டெஸ்கோ, ஆஸ்டா மாதிரி பெரிய சூப்பர் மார்க்கெட்களிலேயே தக்காளி, வெள்ளரி, குடமிளகாய்க்கு ஆளுக்கு மூன்று என்று கட்டுப்பாடு வந்தது. உலகின் பெரிய பணக்கார நாடுகளில் ஒன்றில் தக்காளிக்கு ரேஷன்! அப்போதைய சுற்றுச்சூழல், உணவுத் துறை அமைச்சர் தெரேஸ் காஃபி, இந்தப் பருவத்தில் நம் நாட்டில் விளையும் டர்னிப்பைச் சாப்பிடலாமே என்கிற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசப்போக, ஊரே கேலி செய்தது. டர்னிப் நம் நூக்கோல் மாதிரி ஒரு சமாசாரம். பருவத்துக்கு ஏற்றதைச் சாப்பிடுங்கள் என்பது நம் பாட்டிகள் சொல்கிற புத்திமதிதான். ஆனால், காலித் தட்டுகளுக்கு முன்னால் நிற்பவரிடம் அமைச்சர் சொன்னால் அது புத்திமதியாகக் கேட்காது.

சரி, ஸ்பெயினில் குளிர் என்றால் பிரிட்டனின் சொந்தக் கண்ணாடிக் குடில்கள் எங்கே போயின? லண்டனுக்கு வடக்கே லீ பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வெள்ளரியும் தக்காளியும் வளர்க்கும் குடில்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அவற்றைச் சூடாக்க எரிவாயு வேண்டும். உக்ரைன் போருக்குப் பிறகு எரிவாயு விலை ஏறியது. அந்தச் செலவுக்கு ஈடாக சூப்பர் மார்க்கெட்கள் விலை தராததால், பலர் நடவையே தள்ளிப்போட்டார்கள். குடில் இருந்தது, விதை இருந்தது, தொழில் தெரிந்த ஆளும் இருந்தார். கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

எரிவாயு என்றதும் இன்னொன்று. ரசாயன உரத்துக்கு மூலப்பொருளான அம்மோனியா, எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. 2021 செப்டம்பரில் எரிவாயு விலை எகிறியபோது, இன்ஸ், பில்லிங்ஹாம் என்ற இரண்டு ஊர்களில் இருந்த உர ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. உரம் நின்றது பெரிய செய்தியாகவில்லை. ஆனால், அந்த ஆலைகளின் உபரியாக வரும் கார்பன் டை ஆக்ஸைடுதான் நாட்டின் தேவையில் பாதிக்கு மேல்! இறைச்சிக்கூடங்களில் இருந்து குளிர்பான பாட்டில் வரைக்கும் அது வேண்டும். கோழி, பன்றிப் பண்ணைகள் அலறிய பிறகுதான் ஆட்சியில் இருந்தவர்களுக்கு உர ஆலை என்று ஒன்று இருப்பதே உறைத்தது. பணம் கொடுத்து ஓர் ஆலையைத் தற்காலிகமாக ஓடவைத்தார்கள். பிறகு இன்ஸ் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. பில்லிங்ஹாமில் அம்மோனியா தயாரிப்பும் 2023-ல் முடிவுக்கு வந்தது. இப்போது அம்மோனியாவைக் கப்பலில் வரவழைத்து உரமாக்குகிறார்கள். ‘உள்நாட்டுக் கோதுமை’ என்று 62 சதவிகிதத்தில் சேரும் மூட்டைக்குள் இந்த வெளிநாட்டுச் சரக்கும் ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி பறிக்க ஆறு மாத விசாவில் கிர்கிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வரும் கைகளும் அப்படித்தான்.

இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்ட தேசம்தான் அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டனின் உணவில் மூன்றில் இரண்டு பங்கு கப்பலில்தான் வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் குறிவைத்தன. 1940 ஜனவரியில் ஆரம்பித்த ரேஷன், 1954 ஜூலையில்தான் முடிந்தது. போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து! போரின்போதுகூட ரேஷனுக்கு வராத ரொட்டி, 1946-ல் ரேஷனுக்கு வந்தது. பூங்காக்களையும் புல்வெளிகளையும் உழுது உருளைக்கிழங்கு போட்டதைப் பெருமையோடு சொல்வார்கள், சொல்லட்டும். அதே போர்க்காலத்தில், 1943-ல், வங்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் மடிந்ததையும், தானியம் அனுப்பக் கேட்ட அளவுக்கு லண்டன் கப்பல் ஒதுக்காததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பயம் தெளியும் முன்பே 1947-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். முக்கியமான விளைபொருள்களுக்கு அரசு உத்தரவாத விலை. நம் ஊர்க் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் பெருகியது. 1973-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகு ஐரோப்பிய மானியம் வந்தது. கடைசிக் காலத்தில் அது, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிலத்தின் அளவைப் பார்த்துக் கொடுக்கும் பணமாகிவிட்டது. நிலம் அதிகம் இருந்தால் மானியமும் அதிகம். பிரபுக்களுக்குக் கொண்டாட்டம்.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இதை மாற்றினார்கள். மண்ணை வளப்படுத்தினால், உயிர்வேலி வைத்தால், ஆற்றில் உரம் கலக்காமல் பார்த்துக்கொண்டால், பறவைகளுக்கு இடம் விட்டால் பணம். யோசனை நல்ல யோசனை. நான் அதன் கட்சி. ஆனால், சில பண்ணைகளில், கோதுமை போடுவதைவிடக் குளிர்காலப் பறவைகளுக்கான தீவனப் பயிரைப் போட்டுவிட்டு வீட்டில் இருப்பதே லாபம் என்று கணக்கு வந்தது. விவசாயியைக் குறை சொல்ல முடியுமா? கோதுமைக்கு மழை, விலை இரண்டும் ஒத்துழைக்க வேண்டும். பறவைக்கு அரசாங்கம் மட்டும் ஒத்துழைத்தால் போதும். 2024-ல் அரசு விழித்துக்கொண்டு, அந்த மாதிரிப் பணிகளுக்கு நிலத்தில் 25 சதவிகிதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று வரம்பு போட்டது.

அந்த அரசாங்க ஒத்துழைப்பும் 2025 மார்ச் 11 அன்று பொய்த்தது. ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று, முன்னறிவிப்பே இல்லாமல் அன்று மாலையே புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். பழைய மானியம் குறைந்துகொண்டே வர, புதியதை நம்பித் திட்டம் போட்டவர்கள் நடுவழியில் நின்றார்கள். வானம் பொய்ப்பதற்குப் பழகிய ஜனங்கள்தான். ஆனால், அரசாங்கமுமா வானம் மாதிரி நடந்துகொள்வது?

இதற்கு நடுவில் வாரிசு வரி. விவசாய நிலத்துக்கு இருந்த முழு விலக்கை 10 லட்சம் பவுண்டோடு நிறுத்தி, அதற்கு மேல் 20 சதவிகித வரி என்று 2024 அக்டோபர் பட்ஜெட்டில் அறிவித்தார் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ். நவம்பரில் லண்டன் வீதிகளில் விவசாயிகள் திரண்டார்கள். கிளார்க்ஸனும் மைக் பிடித்தார். வாரிசு வரியைத் தவிர்ப்பதும் தான் நிலம் வாங்கியதற்கு ஒரு காரணம் என்று முன்பு சொன்னவர் அவரேதான்! அவரைப் போன்றவர்களைப் பிடிக்கத்தான் இந்த வரி என்றது அரசு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், 250 ஏக்கர் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தின் நிலம், ஏக்கர் பத்தாயிரம் பவுண்ட் என்றாலும் 25 லட்சம் பவுண்ட். ஏறக்குறைய 30 கோடி ரூபாய். விற்றால் கோடீஸ்வரர், உழுதால் கையில் ஒன்றும் நிற்காது. அப்பா இறந்தால் மகள் எதை விற்று வரி கட்டுவாள்? ஓராண்டுக்கும் மேல் டிராக்டர்கள் லண்டனுக்கு வந்துபோன பிறகு, 2025 டிசம்பரில் அந்த வரம்பை 25 லட்சம் பவுண்டாக உயர்த்தினார்கள். பாதி மூச்சு வந்தது.

மண் எப்படி இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் பகுதி, சதுப்பை வடித்து எடுத்த கறுப்பு மண். இங்கிலாந்தின் காய்கறியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது என்பார்கள். அங்கே ஹோம் ஃபென் என்ற இடத்தில், 1850-களின் தொடக்கத்தில் ஓர் இரும்புத் தூணைத் தலைமட்டம் வரை பூமிக்குள் இறக்கினார்கள். இன்று அது தரைக்கு மேலே நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் வளரவில்லை. நீர் வடிந்த மண் காய்ந்து, சுருங்கி, காற்றில் கரைந்து தரைதான் கீழே போயிருக்கிறது. மேலே மழையும் முன்போல இல்லை. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான 18 மாதங்கள், இங்கிலாந்தின் பதிவுகளிலேயே அதிக ஈரமானவை. விதைக்க முடியாமல் வயல்கள் நீரில் கிடந்ததால், 2024-ல் கோதுமை மகசூல் முந்தைய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த வசந்தம் நேர்மாறு. நிலம் வெடிக்கிற வறட்சி.

இத்தனையும் தெரிந்துதான், விவசாயம் ஏன் கட்டுப்படியாகவில்லை என்று ஆராய, விவசாயிகள் சங்கத்தின் முன்னாள் தலைவர் மினெட் பேட்டர்ஸை அரசே நியமித்தது. அவர் அறிக்கையும் வந்துவிட்டது. 2020-ல் போட்ட சட்டப்படி, மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது நாட்டின் உணவு நிலவரத்தை நாடாளுமன்றத்தில் வைத்தாக வேண்டும். கடைசியாக 2024 டிசம்பரில் வைத்தார்கள். அடுத்தது 2027-க்குள் வர வேண்டும். இங்கிலாந்து விவசாயிக்குப் பழைய மானியம் அடியோடு நிற்பதும் அதே 2027-ல்தான்.