நீஸ் நகரில் ஒரு நிக்காஹ்

பிரான்சின் மத்தியதரைக் கடலோர நகரமான நீஸில் கோடைக்கூட்டம் கலைந்ததும் அறை வாடகை இறங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் குளிர்காலம்தான் அங்கே சீசன். ஐரோப்பியப் பிரபுக்கள் வெயில் தேடி வந்தார்கள். 1931 நவம்பர் 12இல் ஹைதராபாத் நிஜாமின் மகன்கள் இருவருக்கும் அங்குதான் நிக்காஹ் நடந்தது. மணப்பெண்கள்: நாடு கடத்தப்பட்ட கடைசி கலீஃபாவின் மகள் துருஷெவர், வயது 17, உறவுக்காரப் பெண் நிலோஃபர், வயது 15. கலீஃபாவின் செலவுக்குப் பணம் அனுப்பிவந்தவர் நிஜாம். சம்பந்தம் முடிந்தது.

இரு மணங்களும் நிலைக்கவில்லை. நிலோஃபருக்குக் குழந்தையும் இல்லை. பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்தது அவரை உலுக்கியது. அதன் விளைவுதான் ஹைதராபாத்தின் நிலோஃபர் மருத்துவமனை. நீஸ் எங்கிருக்கிறது என்றே அறியாத ஏழைத் தாய்மார்கள் அங்கே குழந்தையோடு வரிசையில் நிற்கிறார்கள்.