பி டீமுக்கும் ஒரு சீசன் வேண்டும்!



ஆண்டு மலரில் விளையாட்டுப் பக்கம் என்றால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோதான் வரும். நான் எழுதப்போவது அந்தப் போட்டோவில் இல்லாதவர்களைப் பற்றி. கபடியில் ‘பி டீம்’ என்கிறோமே, அவர்களைப் பற்றி. நானும் அதில் ஒருவன் என்பதால் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தது முக்கொம்புப் பக்கம் ஒரு பள்ளியில். கபடி அணிக்குக் களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து பேர், ஆகப் பன்னிரண்டு. ஆனால் சாயங்காலம் மைதானத்துக்கு வந்தவர்கள் இருபத்தைந்து பேர். மிச்சம் பதின்மூன்று பேரும்தான் பி டீம். எங்கள் வேலை என்ன தெரியுமா? ஏ டீம் பயிற்சி எடுக்க எதிரே நிற்பது! அவர்கள் பாடி வந்தால் நாங்கள் பிடிக்க வேண்டும். ஆனால் ரொம்ப இறுக்கிப் பிடித்துவிடக் கூடாது. “மேட்ச் நெருங்குதுடா, அவனுக்கு அடிபட்டா என்ன பண்றது?” என்று சத்தம் வரும். எங்களுக்கு அடிபட்டால் வீட்டில் மஞ்சள் பத்து, அவ்வளவுதான்.

எங்கள் இடது கார்னரில் ஒரு நண்பன் நிற்பான். பெயர் வேண்டாம். வாழைத்தார் சுமந்து பழகிய தோள். கணுக்காலைப் பிடித்தான் என்றால் ஆள் நகர முடியாது. ஆனால் குட்டை, பாடிப் போகவும் வராது. அதனால் பி டீம். ஒருநாள் ஏ டீமின் முதல் ரைடரை அடுத்தடுத்து நான்கு தடவை பிடித்துப் போட்டான். அன்றைக்கு யாரும் ஸ்கோர் எழுதவில்லை. பயிற்சிதானே!

குறுவட்டப் போட்டி வந்தது. ஒரு வயதுப் பிரிவுக்கு ஒரு பள்ளியிலிருந்து ஒரே அணி, அதுவும் நாக்-அவுட். எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. காலை பதினொரு மணிக்கெல்லாம் எங்கள் சீசன் முடிந்துவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து இருபத்தைந்து பேர் புழுதியில் புரண்டதற்கு ஒரே ஒரு ஆட்டம். பதின்மூன்று பேருக்கு அதுவும் கிடையாது. மறுநாள் மைதானத்துக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

கார்னர் நண்பன் வரவில்லை. வாழைத்தோப்பு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். பிறகு வகுப்புக்கும் விட்டுவிட்டுத்தான் வந்தான். கபடிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் கஷ்டம். ஆனால் ஒன்று சொல்கிறேன். நாங்கள் மிச்சம் இருந்தவர்கள் அக்கரையில் வாத்தலைப் பக்கத்துப் பையன்களோடு பேசி வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயினவே, அந்தப் பக்கம்தான். அந்த மூன்று ஞாயிறும் அவன் வந்தான்! தோப்பிலிருந்து நேராக, சட்டையில் வாழைக்கறையோடு. மேட்ச் இருக்குன்னா வந்துடுவான். பயிற்சிக்கு மட்டும்னா எதுக்கு வரணும்?

இரண்டு தோல்வி, ஒரு வெற்றி. வெற்றியில் கடைசிப் புள்ளி அடியேனுடையது. எதிரே ஆறு பேர் நின்றார்கள், போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டு ஓடி வந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா “யாரு மவன்டா நீ?” என்று கேட்டார். எனக்கு இதுவரை கிடைத்த ஒரே விளையாட்டுப் பரிசு அதுதான்.

ரக்பி என்று ஓர் ஆட்டம். அதுவும் ஆளைப் பிடித்துச் சாய்ப்பதுதான். பக்கத்துக்குப் பதினைந்து பேர். இங்கிலாந்தின் பழைய பள்ளிகளில் முதல் பதினைந்து, இரண்டாம் பதினைந்து, மூன்றாம் பதினைந்து என்று அணிகள் வைத்திருக்கிறார்கள். முதல் அணி வேறொரு பள்ளியோடு மோதும்போது கீழ் அணிகளும் அந்தப் பள்ளியின் கீழ் அணிகளோடு மோதும். பக்கத்து இலங்கையில் கண்டி டிரினிட்டி கல்லூரிக்கும் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் 1945-ல் தொடங்கிய பிராட்பி கேடயப் போட்டி இருக்கிறது. அதில் இரண்டு ஆட்டம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. முதல் ஆட்டத்தில் தோற்றவனுக்கும் அடுத்த ஆட்டம் உண்டு. அதெல்லாம் வசதியான பள்ளிகள் என்பீர்கள். சரி. கபடிக்கு என்ன வசதி வேண்டும்? பந்துகூட வேண்டாமே! 13-க்கு 10 மீட்டர் மண், ஒரு சட்டி சுண்ணாம்பு, ஒரு விசில்.

“திறமை இருந்தா ஏ டீமுக்கு வந்திருப்பானே” என்பார்கள். பதினைந்து வயதில் யாருடைய திறமை முழுசாகத் தெரிகிறது? காவிரியோடு கீழே போனால் கல்லணைப் பக்கம் திருச்சனம்பூண்டி. அந்த ஊர் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமை ஏற்று புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41! நாமோ பதினைந்து வயதுப் பையனை ஒரே சாயங்காலத்தில் தரம் பிரித்து ஓரமாய் உட்கார வைத்துவிடுகிறோம்.

நம் பாலிடெக்னிக்கிலும் கதை மாறவில்லை. ஐ.பி.ஏ.ஏ. போட்டிக்கு ஒரு அணி போகும், வரும். மற்றவர்கள் கைதட்டுவோம். மாணவர் பேரவையிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ., இ.சி.இ. நான்கு துறைக்கும் ஒரு பி டீம். ஏ டீமில் ஆடியவன் அதில் ஆடக் கூடாது. எல்லாரும் எல்லாரோடும் மோதினால் மொத்தம் ஆறே ஆட்டம். நாக்-அவுட் வேண்டவே வேண்டாம். ஒர்க்‌ஷாப் முடிந்த பிறகு வைத்தால் எங்களைப் போல கரூர் பஸ் பிடிப்பவர்களுக்குக் கஷ்டம், சனிக்கிழமை வையுங்கள். ஸ்கோரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். பெயரோடு ஒட்ட வேண்டும்.

சுண்ணாம்பு என் செலவு. விசில் யாராவது கொண்டு வாருங்கள். கார்னருக்கு அருமையான ஆள் ஒருவன் இன்னும் வாழைத்தோப்பில் இருக்கிறான். வெளி ஆள் ஆடக் கூடாது, தெரியும். பார்க்கவாவது கூட்டி வருகிறேன்.