நகரத்து நீரும் தூண்டிலும்

தூண்டிலிடுதல் நம் நாட்டில் நெடுங்காலம் தொழிலாகவே இருந்ததென்றும், பொழுதுபோக்கின்பொருட்டு மீன்பிடித்தல் மேனாட்டார் கொணர்ந்த வழக்கமென்றும் சிலர் கூறுப. மூங்கிற்கழியும் மண்புழுவுங் கொண்டு, பள்ளியை மறந்து, குளக்கரையில் நின்ற சிறுவரை அவர் கண்டிலர் போலும்! அஃது எவ்வாறாயினும் ஆகுக. இன்று சென்னைமாநகரின் அடையாற்றுக் கழிமுகத்தும் ஏரிக்கரைகளிலும், விடுமுறை நாட்களில் தூண்டிலோடு அமர்ந்திருப்பாரைக் காண்கின்றோம். சேத்துப்பட்டு ஏரியில் 2016-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பூங்காவில் இதற்கெனவே இடமும் வகுக்கப்பெற்றது. இவ்விளையாட்டை யாம் வெறுப்பேம் அல்லேம். நகரத்து இரைச்சலின் நடுவே, ஒரு தக்கையை நோக்கி ஒரு நாழிகை வாய்மூடி இருத்தல் எளிய காரியமன்று.

ஆயின், கழிவுநீர் கலந்த ஆற்றிற் பிடித்த மீன் பின்னர் எங்கே செல்கின்றது என்பதே எம் வினா. பிடித்தவர் அதனை உண்ணத் துணியார். அந்நீரின் நிறத்தை அவரே கண்டிருக்கின்றாரன்றோ? கரையில் வேடிக்கை பார்த்து நிற்கும் ஏழைச் சிறுவனிடம் கொடுத்துவிட்டு, ஓர் அறஞ்செய்த மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார் சிலர். இவ்வறத்தையே யாம் மறுக்கின்றோம்.

"நீர் அத்துணைத் தீயதாயின் மீன் உயிரோடு துள்ளுமோ?" என வினவுவாரும் உளர். கூவத்தினும் அடையாற்றினும் சாக்கடை கலக்குமிடங்களில் உயிர்வளி மிகக் குறைந்துவிட, மென்மையான மீன்கள் மடிகின்றன. எஞ்சுவன ஜிலேபியும் கெளுத்தியும் போல்வனவே. 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட ஜிலேபி, சிறிதளவு உயிர்வளியிலும் பிழைக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ நீர்மட்டத்திற்கு வந்து காற்றையே உட்கொள்ளும். ஆகவே, மீன் துள்ளுதல் அதன் வன்மைக்குச் சான்றாகுமேயன்றி, நீரின் தூய்மைக்குச் சான்றாகாது.

ஆற்றுச்சேற்றிற் படிந்த ஈயம் முதலியன, புழுவின் வழியாகவும் பாசியின் வழியாகவும் மீனின் உடலிற் சேர்வன. கொதிக்கும் குழம்பில் கிருமிகள் மாயும், உலோகங்கள் மாயா. பேதுருவின் தூண்டிலில் அகப்பட்ட மீன் வாயில் வெள்ளிப்பணம் இருந்ததாகச் சுவிசேஷத்திற் படிக்கின்றோம். நம் நகரத்து மீன் சுமந்து வருவது வேறு உலோகம். ஜப்பானிய நகராகிய மினமாத்தாவில் ஆலைக்கழிவின் பாதரசம் மீன்வழியே மக்களை அடைந்து நரம்புகளைக் கெடுத்தமை 1956-இல் வெளிப்பட்டது. அங்கே மீனுண்ட பூனைகளும் வெறிகொண்டு ஆடி மடிந்தன.

இனிச் செய்யத்தக்கது யாது? அமெரிக்க நாட்டு ஹட்சன் ஆற்றிற் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் கலந்தமையால், அதன் மேற்பகுதியில் மீன்பிடித்தலை 1976-இல் தடுத்தனர். 1995-இல் அத்தடையை நெகிழ்த்தி, பிடித்ததை மீட்டும் நீரில் விடவேண்டும் என்னும் விதியோடு இசைவளித்தனர். இம்முறை எமக்கு உடன்பாடே. "உண்ணாத மீனை முள்ளிற் குத்துவானேன்?" எனக் கேட்பார்க்கு முழுவிடை எம்மிடம் இல்லை. எனினும், மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கும் நம்மனோரினும், கரையில் அமர்ந்திருக்கும் தூண்டிற்காரரே ஆற்றின் கேட்டினை நன்கறிவார். அவரையும் விரட்டிவிட்டால் ஆற்றை ஏறெடுத்துப் பார்ப்பார் எவர்?

எழுத்தறியாரும் உணருமாறு, படத்தோடு கூடிய அறிவிப்புப் பலகைகளைக் கரைதோறும் நாட்டுதல் மாநகராட்சியாரின் கடன். பலகை வருங்காறும், தூண்டிற்காரர் அச்சிறுவனுக்கு ஏதேனுங் கொடுக்க விரும்பின், அருகிலுள்ள கடையில் ஒரு ரொட்டி வாங்கிக் கொடுக்கலாம்.