கைக்கடிகாரம் சொல்வதெல்லாம் உண்மையா?

இன்று மாணவர் பலரின் கையில் திறன் கைக்கடிகாரம் இருக்கிறது. இதயத் துடிப்பு, தூக்கம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு என எல்லாவற்றையும் அது எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து.

இக்கருவி தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு கணக்கிடுகிறது. தோலில் உள்ள மெலனின் நிறமி ஒளியை உறிஞ்சும். பட்டை தளர்ந்திருந்தாலும் கை அசைந்தாலும் கணக்கு பிசகலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஒளியை நம்பியே இயங்குகிறது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அது ஆக்சிஜன் குறைவைக் காட்டத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு அதிகம் எனத் தெரியவந்தது. 2021இல் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒன்றாக வழங்கியதும் ஆக்சிமீட்டர்தான். நம்மில் பலர் கருநிறத்தவர். ஆகவே, இது நம்முடைய கேள்வியும்கூட.

கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஓய்வு நேர இதயத் துடிப்பு வாரக்கணக்கில் எப்படி மாறுகிறது என்பதை அறிய அது உதவும். சந்தேகம் வந்தால், மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து 30 விநாடிகளுக்கு நாடியை எண்ணி, இரண்டால் பெருக்கிப் பாருங்கள். மூச்சுத் திணறினால், திரையில் 97 என்று தெரிந்தாலும் மருத்துவரை நாடுங்கள்.

வாங்குமுன், “எந்தெந்தத் தோல் நிறங்களில் சோதித்தீர்கள்?” என்று தயாரிப்பு நிறுவனத்திடம் கேளுங்கள். பொறியியல் பயிலும் நம் மாணவர்கள் அக்கேள்வியை ஆய்வுக்கூடத்திற்கும் கொண்டுசெல்ல வேண்டும்.